இங்கிலாந்தின் ஹோட்டல் படகில் ஒரு வாரம்: முதல்முறை போகிறவர்களுக்குச் செய்முறை விளக்கம்

இங்கிலாந்துக் கால்வாய்களில் விடுமுறை கழிக்க இரண்டு வழி உண்டு. படகை வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டலாம். இல்லையென்றால் ஹோட்டல் படகில் ஓர் அறை பிடிக்கலாம். இரண்டாவதில் ஓட்டுவதும் சமைப்பதும் ஊழியர்கள் பொறுப்பு. பெரும்பாலும் சாப்பாடு, படுக்கை எல்லாம் கட்டணத்திலேயே அடங்கிவிடும். படகே ஏறாதவர்களுக்கும் தனியாகப் போகிறவர்களுக்கும் இதுதான் நல்ல தொடக்கம். கூட வருகிறவர்கள் பத்துப் பேரைத் தாண்டுவது அபூர்வம்.

இவற்றில் பல நேரோபோட் வகை. எழுபது அடி நீளம் இருக்கும், அகலமோ ஏழடிக்கும் குறைவு. 18ஆம் நூற்றாண்டில் நிலக்கரியும் சரக்கும் ஏற்றிப்போக வெட்டிய பல கால்வாய்களில், லாக்குகளை (படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகளை) ஏழடி அகலத்துக்குத்தான் கட்டினார்கள். சில ஹோட்டல்கள் ஜோடிப் படகாகப் போகும்: முன்னால் எஞ்சின் உள்ள மோட்டார், பின்னால் அது இழுத்துச் செல்லும் எஞ்சின் இல்லாத 'பட்டி'.

1. முதலில் வழியைத் தேர்ந்தெடுங்கள்

பலரும் அறையின் படத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிடுகிறார்கள். நான் சொல்வது நேர்மாறு: வழியை முடிவு செய்தபின் படகைத் தேடுங்கள். ஹோட்டல் படகு ஒரே இடத்தில் சுற்றாது. வாரத்துக்கு ஒரு பகுதி என ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே நீங்கள் வாங்குவது ஒரு குறிப்பிட்ட வாரத்தையும் ஒரு குறிப்பிட்ட கால்வாய்த் துண்டையும்.

முதல்முறை என்றால் லாங்கோலன் கால்வாய்க்கே என் ஓட்டு. நான்ட்விச் அருகே ஹர்ல்ஸ்டனில் தொடங்கி வேல்ஸுக்குள் போகிறது. 46 மைலில் 21 லாக்குகள்தான். அந்தப் பயணத்தில் பொன்ட்கசுல்ட்டே நீர்ப்பாலம் வரும். தாமஸ் டெல்ஃபோர்டு கட்டி 1805இல் திறந்தது, இப்போது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். 126 அடி உயரத்தில், இரும்புத் தொட்டிக்குள் படகு மிதந்து போகும். ஒரு பக்கம் நடைபாதையும் கைப்பிடியும் உண்டு. மறுபக்கம் தொட்டியின் விளிம்பு மட்டும்தான், கீழே டீ ஆறு. உயரம் பயமென்றால் அந்தச் சில நிமிடம் உள்ளே உட்கார்ந்துகொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கோடையில் இங்கே கூட்டம் அதிகம். மே அல்லது செப்டம்பர் பாருங்கள்.

உடம்பு வளைத்து வேலை செய்ய ஆசையா? வூஸ்டர்–பர்மிங்ஹாம் கால்வாய்க்குப் போங்கள். 30 மைலில் 58 லாக்குகள். அதில் டார்டிபிக் என்ற இடத்தில் மட்டும் வரிசையாக 30. வயலும் கிராமமும் போதும் என்பவர்களுக்குத் தெற்கு ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய்.

பருவம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. குளிர்காலத்தில் பல லாக்குகளைப் பழுதுபார்க்க மூடிவிடுவார்கள்.

2. பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

அறை சின்னது. படகின் உள்ளகலத்தில் நடைவழியும் போக மிச்சம்தான் அறை. குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, பொதுவா என்று கேளுங்கள். முழங்கால் வலி உள்ளவர் வருகிறார் என்றால் உள்ளே இறங்கும் படிகள் எப்படி, கரைக்கு எப்படி இறங்குவது என்பதை விளக்கமாகக் கேளுங்கள். போன் சார்ஜ் போடும் வசதி, ஹேர் டிரையர் போடலாமா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு விஷயத்தில் வெட்கப்படாதீர்கள். அங்கே 'வெஜிடேரியன்' என்றால் முட்டை உண்டு. முட்டையும் ஆகாது என்றால் அதைத் தனியாக எழுதிச் சொல்லுங்கள். சமையலறை சின்னது, முன்கூட்டியே சாமான் வாங்கிவிடுவதால் கடைசி நேரத்தில் மாற்றுவது அவர்களுக்குச் சிரமம்.

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசிட்டர் விசா வேண்டும். அதற்கு நேரம் விட்டுப் பயணத் தேதியை வையுங்கள்.

3. பெட்டி வேண்டாம், பை போதும்

சக்கரம் வைத்த பெரிய சூட்கேஸை வைக்க இடமே இருக்காது. மடித்து வைக்கக்கூடிய துணிப்பை எடுங்கள். மழைக்கோட்டு, மழைக்கால்சட்டை, வழுக்காத அடிப்பாகம் உள்ள ஷூ, கையுறை, ஒரு டார்ச். இந்திய பிளக் அங்கே பொருந்தாது, அடாப்டர் வேண்டும்.

4. லாக்கில் கை கொடுப்பது

கட்டாயம் இல்லை. ஆனால் இதைச் செய்யாமல் வந்தால் பயணத்தின் பாதியை விட்டுவிட்டு வந்த மாதிரி.

லாக் என்பது இருபக்கமும் கதவுள்ள ஒரு தொட்டி. மேலே ஏறும்போது வரிசை இது:

முதலில் எதிரே படகு வருகிறதா என்று பாருங்கள். லாக் அவர்களுக்குத் தயாராக இருந்தால் அவர்கள் முதலில் போகட்டும். யாரும் இல்லையென்றால், தொட்டித் தண்ணீர் கீழ்மட்டத்துக்கு வடிந்திருக்க வேண்டும். லாக்கின் இரு முனையிலும் தண்ணீரை விடவும் வடிக்கவும் ஷட்டர்கள், அதாவது சின்னத் தடுப்புகள், உண்டு. மேல்ஷட்டர்கள் மூடியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கீழ்ஷட்டரைத் திறந்து வடியுங்கள். ஷட்டரைத் தூக்க விண்ட்லஸ் என்ற இரும்புக் கைப்பிடி தருவார்கள்.

இரு பக்கமும் தண்ணீர் சமமானதும், கதவிலிருந்து நீண்டிருக்கும் கட்டையில் முதுகை வைத்துக் காலால் ஊன்றித் தள்ளுங்கள். சமமாகும் முன்பு எத்தனை பேர் தள்ளினாலும் திறக்காது, பொறுமையாக இருங்கள். படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவையும் கீழ்ஷட்டரையும் மூடி, மேல்ஷட்டரை மெதுவாக, பாதி பாதியாகத் தூக்குங்கள். ஒரேயடியாகத் திறந்தால் தண்ணீர் பாய்ந்து படகைத் தூக்கி அடிக்கும். படகு உங்கள் காலடி மட்டத்துக்கு எழும்பி வந்ததும் மேல்கதவைத் திறக்கலாம். வெளியேறிய பின் எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும்.

இறங்கும்போது இன்னும் கவனம். மேல்கதவுக்கு உள்ளே, தண்ணீருக்கு அடியில் ஒரு கல்திட்டு இருக்கும். அது எதுவரை நீள்கிறது என்பதைப் பக்கச்சுவரில் வெள்ளைக் கோடு காட்டும். படகின் பின்பகுதி அந்தக் கோட்டைத் தாண்டி முன்னால் இருக்க வேண்டும். பின்பக்கம் திட்டில் மாட்டிக்கொண்டால், தண்ணீர் இறங்க இறங்கப் படகு சாய்ந்துவிடும். ஷட்டரில் நிற்பவர் ஓட்டுநரைப் பார்த்தபடியே நிற்க வேண்டும். அவர் கத்தினால் உடனே ஷட்டரை இறக்குங்கள், காரணம் அப்புறம் கேட்கலாம்.

விண்ட்லஸை அச்சில் மாட்டிவிட்டுக் கையை எடுக்காதீர்கள். சுழன்று அடித்தால் எலும்பு போகும். படகுக்கும் சுவருக்கும் இடையில் கையோ காலோ வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். படகு பல டன் எடை.

ஜோடிப் படகாக இருந்தால் ஒடுக்கமான லாக்கில் ஒவ்வொன்றாகத்தான் போக முடியும். மேலே ஏறும்போது, மோட்டார் போனதும் தொட்டியைத் திரும்ப வடித்துத் தயார் செய்து, பட்டியைக் கயிறு கட்டி ஆளால் உள்ளே இழுப்பார்கள். வேலை இரட்டிப்பு. அந்தக் கயிற்றை ஒருமுறை பிடித்துப் பார்த்தால், பிள்ளைகுட்டிகளோடு இதே வேலையைச் செய்து பிழைத்த படகுக் குடும்பங்களின் உழைப்பு தோளில் தெரியும்.

5. மற்ற நேரம்

வேக எல்லை மணிக்கு 4 மைல். கரையில் கட்டிய படகுகளைத் தாண்டும்போது அதற்கும் குறைவு. அதனால் இறங்கிக் கரைப்பாதையில் நடக்கலாம். பாலங்களுக்கு எண் உண்டு. எந்த எண் பாலத்தில் மறுபடி ஏறுவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஜூனில் இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

6. திரும்பும் நாள்

பல பயணங்கள் ஏறிய ஊரில் முடிவதில்லை. முடியும் இடத்துக்குப் பக்கத்து ரயில் நிலையம் எது என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். கதவு பழுது, தண்ணீர்ப் பற்றாக்குறை என்று ஏதாவது ஒரு லாக் மூடப்பட்டால் வழியே மாறலாம். விமான டிக்கெட்டை அதே நாளுக்குப் போடாமல், ஓர் இரவு தள்ளிப் போடுங்கள்.