'கசின்' என்று எழுதும்போது விடும் தவறுகள்

வன்னியில் பல வீடுகளுக்கு வெளிநாட்டில் ஒரு சொந்தமாவது உண்டு. விசா, அழைப்புக் கடிதம் என்று ஆங்கிலப் படிவம் வந்தால், உறவுமுறை கேட்கும் கட்டத்தில்தான் பேனை நின்றுவிடும்.

பெரியப்பாவின் மகனை 'பிரதர்' என்று எழுதுவதுதான் பெரிய தவறு. எங்களுக்கு அவர் அண்ணாதான். ஆனால் ஆங்கிலப் படிவத்தில் அந்தச் சொல் தாயோ தகப்பனோ ஒருவராவது பொதுவாக உள்ள பிள்ளைகளுக்கே. இருவரின் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அதிகாரிக்குப் பெற்றோர் பெயர் பொருந்தாது. பொய் சொன்னதாகவே படும். யுத்தத்தில் எல்லாப் பத்திரங்களையும் தொலைத்து, அலைந்து திரிந்து பிரதி எடுத்த சனத்துக்கு இந்த வீண் சந்தேகம் வேண்டாம். 'கசின்' என்றே எழுதுங்கள்.

மச்சானும் அப்படித்தான். மாமாவின் மகன் கசின். அக்காவைக் கட்டியவர் பிரதர் இன் லோ.

'வன்ஸ் ரிமூவ்ட்' என்ற ஒட்டு இன்னும் மோசமாகக் குழப்பும். அது எங்கள் 'ஒன்றுவிட்ட' இல்லை, ஒரு தலைமுறை வித்தியாசம். ஒன்றுவிட்ட அண்ணா பர்ஸ்ட் கசின் மட்டுமே; அவருடைய பிள்ளைதான் உங்களுக்கு 'வன்ஸ் ரிமூவ்ட்'. அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பியும் அதே வகை. சித்தப்பா என்று கூப்பிடுகிறோம் என்பதற்காக அவரை 'அங்கிள்' ஆக்கக்கூடாது. உங்கள் பிள்ளையும் ஒன்றுவிட்ட அண்ணாவின் பிள்ளையும் செகண்ட் கசின்.

ஆங்கிலேயருக்கு முறையே தெரியாது என்று சொல்வதும் சரியில்லை. கசினுக்கு மூலமான லத்தீன் 'கொன்சோப்ரினுஸ்' முதலில் தாயின் சகோதரியின் பிள்ளையைக் குறித்தது. அங்கிளுக்கு மூலமான 'அவுன்குலுஸ்' தாயின் சகோதரன் மட்டும். ஆன்ட்டுக்கு மூலமான 'அமிதா' தகப்பனின் சகோதரி. அப்படியே எங்கள் மாமாவும் மாமியும்! தகப்பனின் சகோதரனுக்கு 'பத்ருவுஸ்' என்று வேறு சொல் இருந்தது. பழைய ஆங்கிலமும் தாயின் சகோதரனையும் தகப்பனின் சகோதரனையும் பிரித்தே சொன்னது. 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு வழியாக வந்த சொற்கள் அந்தப் பழைய சொற்களைத் தள்ளிவிட்டன; பிரிவும் போய்விட்டது.

அதனால் படிவத்தில் இடமிருந்தால் கசினோடு நிறுத்தாமல் 'அம்மாவின் தங்கையின் மகன்' என்று வழியையும் ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள். கிராம அலுவலர் தரும் கடிதத்திலும் அதே உறவுதான் இருக்கிறதா என்று கையோடு பார்த்து வாங்குங்கள்.