என்ஜினீயரிங் படித்த பெண் அரசியலுக்கு வருவது எப்படி: வார்டிலிருந்து தொடங்குங்கள்

பி.இ. முடித்து நாலைந்து வருடம் வேலையும் பார்த்துவிட்டு, "அரசியலில் இறங்க ஆசை, ஆனால் எங்கே போய் யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை" என்று சொல்கிற பெண்கள் இப்போது நிறைய. பெரும்பாலும் முதலில் செய்வது கட்சி ஆபீஸுக்குப் போய் உறுப்பினர் அட்டை வாங்குவதுதான். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் உங்கள் வார்டில் நடக்கிற ஒரே ஒரு வேலையை, அது சாலையோ வடிகாலோ குடிநீர்த் தொட்டியோ, எஸ்டிமேட் போடுவதிலிருந்து பில் பாஸாகும் வரை விடாமல் பின்தொடர்ந்து பாருங்கள். மற்ற வேட்பாளர்களிடம் இல்லாமல் உங்களிடம் மட்டும் இருப்பது அந்த என்ஜினீயரிங் படிப்புதான். அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு மேடைப் பேச்சு பழகப் போகாதீர்கள்.

சீட்டு கிடைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். ஒடிசாவின் சந்திராணி முர்முவைப் பாருங்கள். புவனேஸ்வரில் மெக்கானிக்கல் என்ஜினீயரிங் முடித்து, வேலை தேடிக்கொண்டிருந்தவர். 2019-ல் பிஜு ஜனதா தளம் ஒடிசாவின் 21 மக்களவைத் தொகுதிகளில் 7-ஐப் பெண்களுக்கு ஒதுக்கியபோது, இரும்புத் தாது சுரங்கங்கள் நிறைந்த கியோஞ்சர் பழங்குடியினர் தனித்தொகுதி இவருக்குக் கிடைத்தது. 66 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து, 25 வயதில் அந்த மக்களவையின் மிக இளைய உறுப்பினர் ஆனார். அவருடைய தாத்தா ஹரிஹர் சோரன் முன்பு காங்கிரஸ் எம்.பி.யாக இருந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2024-ல் அதே கட்சி அதே தொகுதியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. அவர் திறமையைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. கட்சி கொடுக்கிற சீட்டைக் கட்சியே திரும்ப எடுத்துக்கொள்ளும், தெருவில் நீங்கள் சம்பாதித்த பெயரை யாராலும் எடுக்க முடியாது என்பதற்காகத்தான்.

சரி, வார்டு வேலையை எப்படிப் பின்தொடர்வது? கிராமம் என்றால் கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு தேதிகள் இருக்கின்றன. நகரம் என்றால் பகுதி சபைக் கூட்டம். முதல் கூட்டத்திலேயே எழுந்து பேச வேண்டியதில்லை, வரவு செலவு வாசிக்கும்போது குறித்துக்கொண்டு வாருங்கள். அப்புறம் ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அதன் எஸ்டிமேட், ஒப்பந்தம், எம்-புக் (முடிந்த வேலையை அளந்து எழுதிவைக்கும் அளவுப் புத்தகம்) மூன்றின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுவில் 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இந்தச் சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு: தாள்களை மட்டுமல்ல, நடந்த வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை வாங்கவும் குடிமகனுக்கு உரிமை இருக்கிறது. சிவில் படித்தவருக்கு இதைவிடப் பெரிய ஆயுதம் வேண்டுமா?

மழைநீர் வடிகாலை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்டிமேட்டில் நீளம், ஆழம், கான்கிரீட்டின் கிரேடு, கம்பியின் விட்டம் எல்லாம் இருக்கும். அளந்ததாக எழுதியது எம்-புக்கில் இருக்கும். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு டேப்போடு இறங்குங்கள், கூடவே கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணீர் டியூப் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் சரியாக இருக்கும், அகலமும் சரியாக இருக்கும், ஆனால் வாட்டம், அதாவது தண்ணீர் ஓட வேண்டிய சரிவு, தலைகீழாக இருந்து தண்ணீர் வந்த வழியே திரும்பி நிற்கும். அதைக் கண்டுபிடித்ததும் தெருக்காரர்களிடம் கணக்குச் சொல்லித் தராதீர்கள். "மேட்டுத் தெரு தண்ணீர் உங்க வாசல்ல நிக்கிறதுக்கு இந்த இடம்தான் காரணம், வாங்க காட்டுறேன்" என்று கூட்டிப்போய்க் காட்டுங்கள். இரண்டு மழைக்காலம் இப்படிச் செய்தால் நோட்டீஸ் அடிக்காமலேயே உங்கள் பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஆனால் சரியான விடை கையில் இருந்தால் போதும் என்று நினைப்பது நம் படிப்பு பழக்கிவிட்ட கெட்ட பழக்கம். வடிகால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், அந்தப் பக்கம் வாசல்படியைத் தெருவுக்கு நீட்டிக் கட்டியிருக்கிற பாட்டி சம்மதிக்க வேண்டுமே. அவரிடம் உட்கார்ந்து பேசுகிற அரை மணி நேரம்தான் அரசியல்.

மெக்சிகோ அதிபர் கிளாடியா ஷெயின்பாமை நான் அடிக்கடி உதாரணம் காட்டுவது இதனால்தான். முதல் பட்டம் இயற்பியல், மேல்படிப்பும் முனைவர் பட்டமும் எரிசக்திப் பொறியியலில். பட்டப்படிப்பு ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்டது கிராமத்து விறகு அடுப்பு. அதற்காக மிச்சோவாகான் மாநிலத்துப் பழங்குடி கிராமத்துக்குப் போய் அங்குள்ள பெண்களோடு தங்கி வேலை செய்தார். மாணவியாக இருக்கும்போதே, 1987-ல், பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் இருந்தார். 2000-ல் மெக்சிகோ சிட்டியின் சுற்றுச்சூழல் துறைக்குப் பொறுப்பேற்றார். 2005-ல் அந்த நகரத்தில் தனிப்பாதைப் பேருந்து ஓடத் தொடங்கியதில் அந்தத் துறைக்குப் பெரிய பங்கு உண்டு. 2015-ல் த்லால்பான் என்ற பகுதியின் தலைவர், 2018-ல் முழு நகரத்தின் தலைவர், 2024 அக்டோபர் 1 அன்று நாட்டின் முதல் பெண் அதிபர். போராட்டக் களத்திலிருந்து கணக்கிட்டால் 37 வருடம். ஒவ்வொரு படியிலும் அவருடைய படிப்பு கூடவே வந்திருக்கிறது.

அவரிடமிருந்து கற்கக் கூடாததும் ஒன்று இருக்கிறது. அவர் நகரத் தலைவராக இருந்தபோது, 2021 மே 3-ம் தேதி இரவு மெக்சிகோ சிட்டி மெட்ரோ ரயிலின் 12-ம் தடத்து மேம்பாலம் இடிந்து 26 பேர் இறந்தார்கள். அந்தத் தடம் அவர் பதவிக்கு வருவதற்கு முன்பே, 2012-ல் திறக்கப்பட்டது. அவருடைய நிர்வாகம் நியமித்த நார்வே நாட்டு நிறுவனத்தின் முதல் அறிக்கைகள் கட்டுமானக் குறைகளைச் சொன்னபோது ஏற்றுக்கொண்டவர், பராமரிப்புச் சோதனைகளைப் பற்றியும் கேள்வி எழுப்பிய கடைசி அறிக்கையைச் சார்புடையது என்று சொல்லி ஏற்க மறுத்தார். எனக்கு அது இன்றும் உறுத்துகிறது. பதவியில் உட்கார்ந்த என்ஜினீயர், தனக்குப் பிடிக்காத ஆய்வு முடிவையும் மேஜை மேல் வைத்துப் பேச வேண்டும். நீங்கள் கவுன்சிலராகி, உங்கள் காலத்தில் போட்ட சாலையே பெயர்ந்தாலும் இதே விதிதான்.

எங்கே போட்டியிடுவது என்றால், முதல் முறை உள்ளாட்சிதான் என்பது என் கருத்து. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் 50 சதவீதம் பெண்களுக்கு, 21 வயது நிரம்பியிருந்தால் போதும், சட்டமன்றத்துக்குத்தான் 25. கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், தலைவர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னமே கிடையாது, அதனால் கட்சி இல்லாதவர்களுக்கு அது நல்ல வாசல். பெயர் அந்த உள்ளாட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு ஓட்டையும் அங்கே மாற்றியவர்கள் இதை முதலில் சரிசெய்யுங்கள்.

ஜெயித்தபின் நாற்காலியில் நீங்களே உட்காருங்கள். தலைவர் பெயர் மனைவிக்கு, அதிகாரம் கணவருக்கு என்பது ஊர் ஊராக நடக்கிறது. என்ஜினீயரிங் படித்தவர் வீட்டிலும் நடக்கும், நடக்காது என்று நினைக்காதீர்கள். ஊராட்சியில் காசோலைக்குத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும், அதனால் காசோலைப் புத்தகமும் முத்திரையும் எங்கே இருக்கின்றன என்பது முதல் நாளிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். படிக்காத தாளில் கையெழுத்து வேண்டாம்.

பெண் என்பதால் வரும் அசிங்கமான தாக்குதலுக்கும் தயாராக இருங்கள். சந்திராணி முர்முவுக்கே பிரசாரத்தின்போது போலியாக மார்ஃப் செய்த வீடியோவைப் பரப்பினார்கள், அவர் போலீசில் புகார் கொடுத்துவிட்டுப் பிரசாரத்தைத் தொடர்ந்தார். அப்படி ஏதாவது வந்தால் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட், லிங்க், நேரம் மூன்றையும் சேமித்து, அன்றைக்கே சைபர் கிரைமில் புகார் கொடுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் இப்படி வரக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது அதைவிட முக்கியம்.

மனு தாக்கலுக்கு முன் நம் தொழில்காரர்கள் சிக்கிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. அரசுத் துறையிலோ மின்வாரியத்திலோ வேலையில் இருந்தால் ராஜினாமா கடிதம் கொடுத்தது போதாது, அதை ஏற்றுக்கொண்ட உத்தரவு கையில் இருக்க வேண்டும். இரண்டாவது கான்ட்ராக்ட். மாநில அரசோடு நீங்கள் போட்ட வேலை ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் சட்டமன்றத் தேர்தலில் நிற்க முடியாது. வேலையை முழுதாக முடித்துவிட்டு பில் பணம் மட்டும் பாக்கி என்றால் அது தடையில்லை. உள்ளாட்சியிலும் அந்த அமைப்போடு ஒப்பந்தம் இருந்தால் மனு தள்ளுபடியாகும், ஆகவே ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டே மனு கொடுங்கள்.

தோற்றுவிட்டால் மனம் விட்டுப்போய் பலரும் செலவுக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும், ஒரு ஓட்டு வாங்கியவருக்கும் இது பொருந்தும். செய்யாவிட்டால் தேர்தல் ஆணையம் மூன்று வருடம் போட்டியிடத் தடை விதிக்கலாம். அதனால் மனு கொடுக்கிற அன்றே ஒரு நோட்டு போட்டு, டீச்செலவு வரை ரசீதோடு தினமும் எழுதிவிடுங்கள்.