திரை உடைந்த போனிலிருந்து டேட்டா எடுக்கும்போது செய்யக்கூடாதவை

போன் கீழே விழுந்து திரை கறுத்துப் போனதும் பலர் செய்யும் முதல் வேலை, ஏதாவது ஒரு ரெக்கவரி மென்பொருளைத் தேடி இறக்குவது. ஆனால் உடைந்திருப்பது டிஸ்ப்ளே மட்டும்தான். படங்கள், வீடியோக்கள், செய்திகள் எல்லாம் இருக்கும் மெமரி சிப் மதர்போர்டில் சாலிடர் செய்யப்பட்டு, பெரும்பாலும் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கும். எனவே அழிந்துபோன எதையும் மீட்க வேண்டியதில்லை. பூட்டைத் திறந்தால் போதும்.

அந்தப் பூட்டு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால் கீழே வரும் பாதித் தவறுகள் தானாகவே நின்றுவிடும். ஆண்ட்ராய்டு 6 வந்த 2015 முதலே புதிய போன்கள் தகவலை என்கிரிப்ட் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாத குறியீடாக மாற்றி எழுதத் தொடங்கிவிட்டன. ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்கள் எல்லாவற்றிலும் கோப்பு வாரியான என்கிரிப்ஷன் கட்டாயம். ஐபோனில் இது அதற்கும் முன்பிருந்தே உண்டு. இதைத் திறக்கும் சாவி இரண்டு பாகங்கள் சேர்ந்தால்தான் உருவாகும்: ஒன்று, நீங்கள் அடிக்கும் பின் (PIN) எண் அல்லது பேட்டர்ன். மற்றொன்று, அந்தப் போனின் பிராசஸருக்குள் பதிந்திருக்கும், வெளியே எடுக்க முடியாத ரகசிய எண். ஆகவே மெமரி சிப்பை மட்டும் கழற்றி வேறு கருவியில் படித்தால் கிடைப்பது குப்பை எழுத்துகள்தான். ‘சிப்பைக் கழற்றி டேட்டா எடுத்துத் தருகிறோம்’ என்று சொல்பவரிடம் பழைய போனாக இருந்தால் கொடுக்கலாம். சமீபத்திய போனைக் கொடுத்தால், நல்ல நிலையில் இருந்த போர்டும் போய்விடும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். அதே போர்டில், உங்கள் பின்னை ஒருமுறை சரியாக அடித்துவிட வேண்டும்.

ரீஸ்டார்ட் செய்து பார்ப்பது

திரை வரவில்லை என்றதும் கை தானாகப் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கும். தவிர்க்க வேண்டிய தவறுகளில் இதற்கே முதலிடம். போன் ஒருமுறை அணைந்து எழுந்தால், பின் அடிக்கும் வரை உங்கள் கோப்புகள் பூட்டியே இருக்கும். கைரேகையும் முகமும் அதுவரை வேலை செய்யாது. வைஃபை கிடைத்தாலும் கூகுள் போட்டோஸ் எதையும் மேலேற்றாது. ஆனால் போன் அணையாமல் இருந்து, கைரேகை சென்சார் பக்கவாட்டிலோ பின்புறமோ இருந்தால், திரை கறுப்பாக இருக்கும்போதே விரலை வைத்துத் திறந்துவிடலாம். கண்ணாடிக்கு அடியில் சென்சார் உள்ள போன்களுக்கு இந்த வாய்ப்பு பெரும்பாலும் இல்லை. திரை உடைந்தால் அது விரலைச் சரியாகப் படிக்காது.

போன் இடையில் ரீஸ்டார்ட் ஆகிவிட்டதா என்று தெரியவில்லையா? ஆண்ட்ராய்டாக இருந்தால், இன்டர்நெட் இணைப்பு இருக்கும் இடத்தில் வைத்து, வேறு எண்ணிலிருந்து முதலில் சாதாரணமாகவும் பிறகு வாட்ஸ்அப்பிலும் அழையுங்கள். இரண்டும் ஒலித்தால் கோப்புகள் இன்னும் திறந்த நிலையில் இருக்கின்றன. சாதாரண அழைப்பு மட்டும் ஒலித்தால் போன் பெரும்பாலும் ரீஸ்டார்ட் ஆகிப் பின்னுக்காகக் காத்திருக்கிறது.

எனவே உடைந்த உடனே சார்ஜில் போடுங்கள். அதற்காக வாரக்கணக்கில் தள்ளிப்போடவும் முடியாது. மூன்று நாள் தொடர்ந்து திறக்கப்படாமல் கிடக்கும் ஆண்ட்ராய்டு போன் தானாகவே ரீஸ்டார்ட் ஆகும் வசதியை 2025 ஏப்ரலில் கூகுள் கொண்டுவந்தது. புதிய ஐபோன் பதிப்புகளிலும் இதே போன்ற வசதி உண்டு. ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும்) திரையாக இருந்தால் அவசரம் இன்னும் அதிகம். இன்று ஓரத்தில் தெரியும் கறுப்புத் திட்டு நாளைக்குப் பாதித் திரையையும் விழுங்கிவிடலாம். பாதி தெரியும்போதே வேலையை முடித்துவிடுங்கள். கண்ணாடிச் சில் கையில் குத்தாமல் இருக்க மேலே அகலமான பேக்கிங் டேப் ஒட்டலாம். டேப்புக்கு மேலேயே டச் வேலை செய்யும்.

விதிவிலக்கு இரண்டு. தண்ணீரில் விழுந்த போனையும், வளைந்தோ உப்பியோ சூடாகவோ இருக்கும் போனையும் சார்ஜில் போடவே கூடாது. அவற்றை நேராகக் கடைக்குக் கொண்டுபோய் பேட்டரி கனெக்டரைக் கழற்றச் சொல்லுங்கள்.

தானாக விழும் டச்சைக் கவனிக்காமல் விடுவது

விரிசல் விட்ட டச் சில நேரம் யாரும் தொடாமலே தொட்டது போல வேலை செய்யும். பூட்டுத் திரையில் அது தப்பான எண்களை அடித்துக்கொண்டே இருக்கும். ஐபோனில் முதல் சில தவறுகளுக்குப் பிறகு காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போய், பத்துத் தவறில் கதவு நிரந்தரமாக மூடிவிடும். அதன் பிறகு அழிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. சாம்சங்கில் ஆட்டோ ஃபேக்டரி ரீசெட்டை (தவறான முயற்சிகள் மிஞ்சினால் போனையே அழிக்கும் வசதி) ஆன் செய்து வைத்திருந்தால் அதுவும் ஆபத்து. திரை தூங்கும் நிலையில் டச் பெரும்பாலும் பதியாது. ஆகவே பவர் பட்டனை ஒருமுறை லேசாகத் தட்டித் திரையைத் தூங்கவைத்து, சட்டைப் பையில் போடாமல் சமதளத்தில் அசையாமல் வையுங்கள். பிறகு கடையில் டிஸ்ப்ளேயைப் போர்டோடு இணைக்கும் ஃபிளெக்ஸ் கனெக்டரைக் கழற்றச் சொன்னால் பொய்த் தொடுதல் நின்றுவிடும்.

கேபிளை மட்டும் நம்புவது

லேப்டாப்பில் செருகினால் போனின் பெயர் வருகிறது, உள்ளே காலி. போன் அழிந்துவிட்டதாக இந்த இடத்தில்தான் பலர் பயப்படுகிறார்கள். ஆண்ட்ராய்டு பொதுவாக ‘சார்ஜ் மட்டும்’ என்ற நிலையில்தான் இணைகிறது. பூட்டைத் திறந்து, அறிவிப்பைத் தட்டி, ஃபைல் டிரான்ஸ்ஃபரைத் தேர்ந்தெடுத்தால்தான் கோப்புகள் தெரியும். கேபிளையும் ஒருமுறை சந்தேகப்படுங்கள். மலிவான கேபிள்கள் சிலவற்றில் டேட்டா கம்பியே இருக்காது.

யூஎஸ்பி டீபக்கிங் (கேபிள் வழியே கணினி போனை இயக்க அனுமதிக்கும் செட்டிங்), அதை வைத்து வேலை செய்யும் ஏடிபி, ஸ்க்ரீன்காப்பி மென்பொருள்கள் என்று வீடியோக்களில் காட்டுவதெல்லாம் உண்மையில் வேலை செய்பவைதான். ஆனால் திரை உடைவதற்கு முன்பே டீபக்கிங்கை ஆன் செய்து, அதே லேப்டாப்புக்கு அனுமதியும் கொடுத்திருக்க வேண்டும். அனுமதி கேட்கும் பெட்டி வருவது உடைந்த திரையில்தானே! காசு வாங்கும் ‘உடைந்த போன் ரெக்கவரி’ மென்பொருள்கள் பெரும்பாலும் இதே டீபக்கிங்கைத்தான் கேட்கும், இல்லாவிட்டால் மிகப் பழைய சில மாடல்களுக்கு மட்டும் உதவும். பணம் கட்டிய பிறகுதான் அது தெரியவரும். கஸ்டம் ரெக்கவரி என்ற வெளியார் மென்பொருளைப் போனில் ஏற்றச் சொல்லும் வீடியோ இவற்றைவிட மோசம். அதற்கு, போனைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரைத் திறக்க வேண்டும், திறக்கும்போதே போன் தன் டேட்டா முழுவதையும் அழித்துவிடும்.

வீட்டிலேயே முயலத் தகுந்தது மவுஸ்தான். படம் தெரிந்து டச் மட்டும் செத்திருந்தால் மவுஸைப் போனில் செருக உதவும் ஒரு ஓடிஜி அடாப்டரும் சாதாரண யூஎஸ்பி மவுஸும் போதும். திரையில் அம்புக்குறி வரும். இடது பட்டனை அழுத்திப் பிடித்து மேலே இழுத்தால் பூட்டுத் திரை விலகும். பேட்டர்னையும் அப்படியே இழுத்துப் போடலாம். படமே தெரியாவிட்டால் கீபோர்டு. பவர் பட்டனைத் தட்டி, ஸ்பேஸ் அழுத்தி, பின்னை அடித்து, என்டர். திறந்ததா என்று கண்ணால் பார்க்க முடியாததால் ஓரிரு முறைக்கு மேல் முயல வேண்டாம், தவறான முயற்சிகள் சேர்ந்துவிடும். ஓப்போ, ரியல்மி, விவோ போன்களில் ஒரு சிக்கல் உண்டு. பல மாடல்களில் ஓடிஜியை செட்டிங்ஸில் போய் ஆன் செய்தால்தான் மவுஸுக்கு உயிர் வரும்.

எச்டிஎம்ஐ உள்ள டைப்-சி ஹப் வாங்கி டிவியில் பார்க்கலாம் என்ற யோசனை நல்லது, எல்லாப் போனுக்கும் பொருந்தாது என்பதுதான் குறை. போனின் டைப்-சி போர்ட்டிலேயே படம் வெளியேறும் வசதி இருக்க வேண்டும். சாம்சங் எஸ்8 முதலான எஸ் வரிசை, பிக்சல் 8 முதல், ஐபோன் 15 முதல் அது உண்டு. நம் ஊரில் அதிகம் விற்கும் விலை குறைந்த ரெட்மி, ரியல்மி, சாம்சங் எம் வரிசைப் போன்களில் பெரும்பாலும் இல்லை. எந்த ஹப் வாங்கினாலும் அதில் படம் வராது. ஹப் வாங்கும் முன் மாடலின் விவரப் பட்டியலைப் பாருங்கள். சார்ஜரும் செருகும் இடம் உள்ள ஹப்பாக இருந்தால் பாதியில் பேட்டரி தீராது.

ஐபோனில் இன்னொரு முட்டுக்கட்டை. பூட்டிய நிலையில் ஒரு மணி நேரம் கடந்தால் புதிதாகச் செருகும் யூஎஸ்பி கருவிகளோடு அது டேட்டா பேசாது. 2018-ல் வந்த 11.4.1 பதிப்பிலிருந்து இப்படித்தான். ஹோம் பட்டன் உள்ள மாடல் என்றால் விரலை வைத்துத் திறந்துவிட்டுச் செருகுங்கள்.

கடையில் தவறாகக் கேட்பது

மேலே சொன்னவை பலிக்காவிட்டால் கடைக்குப் போக வேண்டியதுதான். அங்கே ‘டேட்டா ரெக்கவரி பண்ணுவீங்களா?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பெரிய தொகைதான் பதிலாக வரும். ‘டெஸ்டிங் காம்போ போட்டுத் திறந்து தருவீங்களா?’ என்று கேளுங்கள். காம்போ என்றால் டச்சும் டிஸ்ப்ளேயும் சேர்ந்த பாகம். பழைய திரையைக் கழற்றி, பசை போடாமல் இன்னொரு டிஸ்ப்ளேயைக் கனெக்டரில் மட்டும் மாட்டினால் போன் அப்படியே எழும். பின் அடித்து, நகல் எடுத்துவிட்டுத் திரும்பக் கழற்றிவிடலாம். அதிகம் விற்கும் மாடலுக்கான காம்போ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற எலக்ட்ரானிக்ஸ் சந்தைகளில் எளிதாகக் கிடைக்கும். மாட்டுவதற்கு முன் பேட்டரி கனெக்டரைக் கழற்றுகிறாரா என்று பாருங்கள். மின்சாரம் ஓடும்போது டிஸ்ப்ளே கனெக்டரை மாட்டினால் பேக்லைட்டுக்குப் போகும் மின்பாதை ஷார்ட் ஆகி, போர்டையே பழுதுபார்க்கும் வேலையாக மாறிவிடும். பேட்டரியைக் கழற்றுவதால் போன் ரீஸ்டார்ட் ஆகும். அதனால் பின் தெரிந்திருக்க வேண்டும். வருடக்கணக்கில் கைரேகையிலேயே திறந்து பழகிப் பின்னை மறந்தவர்கள் சிக்குவது இங்கேதான். ஓஎல்இடி போனுக்கு மலிவான எல்சிடி காம்போ போட்டால் திரைக்கடி சென்சாரும் வேலை செய்யாது. கடைக்குப் போகும் முன்பே பின்னை நினைவுபடுத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

‘கிளாஸ் மட்டும் மாத்தலாம், செலவு கம்மி’ என்றால், டேட்டா எடுக்கும் வரை வேண்டாம் என்று சொல்லுங்கள். சூடான தட்டில் வைத்துக் கம்பியால் கண்ணாடியைப் பிரிக்கும் வேலை அது. பாதி தெரிந்துகொண்டிருந்த ஓஎல்இடி அதோடு முழுதாகப் போக வாய்ப்பு அதிகம்.

போர்டு நன்றாக இருந்து உடல் முழுக்க நொறுங்கியிருந்தால், அதே மாடலில் போர்டு பழுதான ஒரு போனை வாங்கி, உங்கள் போர்டை அதில் மாட்டலாம். பிராசஸரும் மெமரியும் சேர்ந்தே இடம் மாறுவதால் பின் அடித்தால் திறக்கும். ஐபோனில் ஃபேஸ் ஐடி வேலை செய்யாது, பாஸ்கோடு போதும்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் டேட்டாவுக்குப் பொறுப்பில்லை என்ற தாளில் கையெழுத்து வாங்குவது வழக்கம். ‘ரீசெட் செய்யக்கூடாது, போர்டு மாற்றும் முன் கேட்க வேண்டும்’ என்று ஜாப் ஷீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். எங்கே கொடுத்தாலும் பின்னைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். திரை மாட்டும் வரை பக்கத்தில் இருந்து, நீங்களே அடியுங்கள். யூபிஐ ஆப் உள்ள போன் அது.

திறந்த பிறகு சொதப்புவது

திறந்ததும் படங்களை நோக்கி ஓட வேண்டாம். முதலில் செட்டிங்ஸில் ஸ்க்ரீன் லாக்கை எடுத்துவிடுங்கள். அடுத்து டெவலப்பர் ஆப்ஷன்ஸில் டீஃபால்ட் யூஎஸ்பி அமைப்பை ஃபைல் டிரான்ஸ்ஃபராக மாற்றி, டீபக்கிங்கை ஆன் செய்து, உங்கள் லேப்டாப்புக்கு அனுமதி கொடுங்கள். இடையில் திரை மறுபடி கறுத்தாலும் இனிக் கேபிள் ஒன்றே போதும்.

மொத்தப் போனையும் ஒரே இழுப்பில் இழுத்துப் போட்டால் விண்டோஸ் பாதியில் தொங்கும். டி.சி.ஐ.எம் (கேமரா படங்கள்), பிக்சர்ஸ், டவுன்லோட், டாக்குமென்ட்ஸ், ரெக்கார்டிங்ஸ் என்று ஒவ்வொரு ஃபோல்டராக எடுத்து, இரண்டு பக்கமும் கோப்பு எண்ணிக்கை ஒத்துப்போகிறதா பாருங்கள். ஓடிஜி பென்டிரைவுக்கு எடுப்பதானால் அது எஃப்ஏடி32 என்ற ஃபார்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ ஏறாது. அதை எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஐபோனில் போட்டோஸ் செட்டிங்ஸில் கணினிக்கு மாற்றும்போது ஒரிஜினலை வைத்துக்கொள்ளும் தேர்வைப் போடாவிட்டால் நகல் எடுப்பது அடிக்கடி அறுந்துபோகும்.

எஸ்டி கார்டு போட்டிருந்தால் கழற்றி வேறிடத்தில் படிக்கலாம். ஆனால் இன்டர்னல் ஸ்டோரேஜாக இணைத்த கார்டு அந்தப் போனில் மட்டுமே திறக்கும். வேறு போனில் செருகினால் ஃபார்மட் செய்யவா என்று கேட்கும், ஆம் என்று அழுத்திவிடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் நடக்கும் தவறு வரிசை மாறுவதால் வருவது. அவசரத்தில் சிம்மைக் கழற்றிப் புதுப் போனில் போட்டு வாட்ஸ்அப்பைப் பதிவு செய்வார்கள். பழைய போனில் வாட்ஸ்அப் அப்போதே வெளியேறிவிடும், கடைசி பேக்கப்புக்குப் பிறகு வந்த செய்திகளைப் புதிதாக பேக்கப் எடுக்கவும் முடியாது. இன்னும் சிலர் புதுப் போனில் ரீஸ்டோர் கேட்கும்போது ‘ஸ்கிப்’ அழுத்துவார்கள். அன்றிரவே புதுப் போனின் காலி பேக்கப், கூகுள் டிரைவில் இருந்த பழையதன் மேல் ஏறிவிடலாம். பழைய போனில் முதலில் பேக்கப், பிறகு ஆண்ட்ராய்டு ஃபோல்டரில் மீடியாவுக்குள் இருக்கும் வாட்ஸ்அப் ஃபோல்டரின் நகல், அதன் பிறகே சிம் மாற்றம்.

ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் (லாகின் செய்யும்போது கேட்கும் எண்ணைக் காட்டும் ஆப்) உள்ள கணக்குகள் எந்த ஃபோல்டரிலும் கிடைக்காது. கூகுளின் ஆப்பில் 2023 முதல் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி உண்டு, ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பழைய போன் கையில் திறந்திருக்கும்போதே எக்ஸ்போர்ட் செய்து புதியதில் ஸ்கேன் செய்துவிடுங்கள். அலுவலக மெயில் திறக்கிறதா என்று புதுப் போனில் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்த பிறகு பழையதை ரீசெட் செய்யலாம்.