பழைய பெயிண்டைச் சுரண்டுமுன்: பிள்ளைகள் புழங்கும் இடத்தில் செய்யக் கூடாதவை

கோடை விடுமுறை முடியப்போகிறது என்றால் பள்ளிகளில் பெயிண்ட் வேலை அவசர அவசரமாக நடக்கும். புதிதாகக் காண்டிராக்ட் எடுக்கும் தம்பிகளை வருடாவருடம் பார்க்கிறேன். விவரம் தெரியாத காலத்தில் நாங்கள் செய்ததையெல்லாம் அப்படியே செய்கிறார்கள். ஏணியை எப்படிச் சாய்ப்பது, மின்சார ஒயரை எப்படி மூடுவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேலை முடிந்தபின் அங்கே பிள்ளைகள் இருப்பார்கள் என்பதை மறந்து செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பழைய எனாமலைக் காய்ந்தபடியே தேய்ப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் ஆறுவதில்லை.

புதுப் பெயிண்ட் நாற்றத்துக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். பெயிண்ட் அடிக்கும் அன்று பிள்ளையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் கதவையும் ஜன்னல் கம்பியையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பிள்ளை அங்கேயேதான் தவழ்ந்துகொண்டிருக்கும். பெரிய ஆபத்து அந்தப் பழைய தூசியில் இருக்கிறது. அதற்கு நாற்றமே கிடையாது.

வீட்டுப் பெயிண்டில் காரீயம் (லெட் என்ற விஷ உலோகம்) 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016இல் வந்தது, 2017 நவம்பரில்தான் அமலானது. அதற்கு முன் அடித்த எனாமலில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், இந்த அளவைப்போல நூறு மடங்குகூட இருக்கலாம். பழைய கேட்டைச் சுரண்டும்போது அடியில் ஆரஞ்சு நிறத்தில் ரெட் லெட் பிரைமர் என்ற அடிப்பூச்சு தெரிந்தால், அது காரீய ஆக்சைடேதான். சுண்ணாம்பும் டிஸ்டம்பரும் மட்டும் கண்ட சுவரில் இந்தக் கவலை குறைவு. கதவு, ஜன்னல், கிரில், பள்ளி ஊஞ்சல், சறுக்குமரம் இவைதான் கவனிக்க வேண்டியவை.

ஒரு காதுகுத்து வீட்டில் பார்த்தேன். அப்போதுதான் நிற்கப் பழகிய குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்தது. கம்பியில் அன்று காலை தேய்த்த பழைய பச்சை எனாமல். உள்ளங்கை முழுக்கப் பச்சைப் பொடி. அதே கையால் பிஸ்கட்டை எடுத்து வாயில் வைத்தது. அம்மாவிடம் சொன்னதற்கு, "பெயிண்ட் நாளைக்குத்தானே அண்ணே அடிக்கப் போறீங்க?" என்றார்.

வயிற்றுக்குள் போகும் காரீயத்தில், பெரியவர் உடம்பு எடுத்துக்கொள்வதைப்போல நாலைந்து மடங்கைச் சிறு பிள்ளையின் உடம்பு எடுத்துக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. எலும்பில் போய்த் தங்கும், மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கவனம் நிற்காது, படிப்பு ஏறாது. அந்தப் பிள்ளையைத்தான் மந்தம் என்று வகுப்பில் திட்டுவார்கள். அந்தப் பாதிப்பை மருந்து கொடுத்துச் சரிசெய்ய முடியாது.

பழைய பூச்சு உரியாமல் கெட்டியாக இருந்தால் முழுசாகச் சுரண்டவே வேண்டாம். லேசாக ஈரத்தோடு தேய்த்து மேலே அடியுங்கள். உரிந்த இடத்தில் தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) மட்டும் தேய்க்க வேண்டும். கீழே பிளாஸ்டிக் ஷீட் விரித்து, செதில்களை அதோடு சுருட்டிக் கட்டுங்கள். கொளுத்தாதீர்கள். பழைய பூச்சை இளக்கத் தீ கக்கும் புளோ லாம்ப் காட்டுவதும் கூடாது, காரீயம் புகையாகி மூச்சில் ஏறும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

விளக்குமாற்றால் பெருக்குவது

ஒரு பள்ளியில் சனி, ஞாயிறு கிரில் தேய்த்துவிட்டுத் திங்கள் காலை ஆயாம்மாவைப் பெருக்கச் சொன்னார்கள். தூசி எழும்பி சத்துணவுக் கூடத்து அரிசி மூட்டைமேல் படிந்தது. பெருக்கக் கூடாது. சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைக்க வேண்டும், அலசத் தனி வாளி வேண்டும். ஊஞ்சலைத் தேய்த்திருந்தால் அடியில் விழுந்த செதில்களைப் பொறுக்கி, மேல்மண்ணையும் அள்ளிப் புது மண் போடச் சொல்லுங்கள்.

தின்னரைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது

தாகத்தோடு வரும் பிள்ளை பாட்டிலைத்தான் பார்க்கும். தின்னர், டர்பன்டைன், மண்ணெண்ணெய் எது குடித்திருந்தாலும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் பூச்சிமருந்து கலந்திருந்தது. விஷமும் சாப்பாட்டுச் சாமானும் ஒரே அறையில் இருக்கவே கூடாது.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் துளை போடுவது

வேண்டாம். அறுக்கவும் வேண்டாம்.

சாத்திய அறையில் கொசுவத்திச் சுருள்

கொசுவலை கட்டுங்கள்.

வேலைச் சட்டையோடு பிள்ளையைத் தூக்குவது

இது பெயிண்டர்களுக்கு. குளித்து மாற்றிய பிறகு தூக்குங்கள். சட்டையைத் தனியாகத் துவையுங்கள்.

பிள்ளை ஏற்கெனவே தூசியில் இருந்துவிட்டதென்றால்

"ஒன்றும் ஆகவில்லையே" என்று விட்டுவிடாதீர்கள். ரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. பழைய பெயிண்டைத் தேய்த்த வீட்டில் பிள்ளை இருந்தது என்று மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடம்பு காரீயத்தை இன்னும் அதிகமாக இழுக்கும், அதையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள்.