மொழி ஆசிரியர்களுக்கு நாடகப் பயிற்சி: முதல் அமர்வை எப்படி நடத்துவது?

அயல்மொழி ஆசிரியர்களுக்கு முதன்முறையாக நாடகப் பயிற்சி அளிக்கப் போகிறீர்களா? மேடை, ஒப்பனை, மனப்பாட வசனம் மூன்றையும் மறந்துவிடுங்கள். வகுப்பறை நாடகத்தில் பார்வையாளர்கள் கிடையாது. 'எனக்கு நடிக்க வராது' என்று தயங்கும் ஆசிரியரைப் பற்றிக் கவலை வேண்டாம். நன்றாக நடிப்பவரைத்தான் கவனிக்க வேண்டும். அவர் மாணவர்களை வேடிக்கை பார்க்க வைத்துவிடுவார்!

படி 1: நாற்காலிகளை ஒதுக்குங்கள். இருவர் எதிரெதிரே நின்று, ஒருவரின் அசைவை மற்றவர் கண்ணாடிபோல் செய்யட்டும். அமெரிக்க நாடகப் பயிற்சியாளர் வயோலா ஸ்போலின் பரப்பிய நாடக விளையாட்டுகளில் ஒன்று இது. பேச்சே தேவையில்லை என்பதால் கூச்சம் சீக்கிரம் விலகும்.

படி 2: நால்வர் குழு, 'ரயில் நிலையத்தில் பெட்டி காணவில்லை' என்ற காட்சியில் சிலையாக நிற்கட்டும். நீங்கள் தோளைத் தொட்டதும், அந்தப் பாத்திரம் மனத்தில் நினைப்பதைப் கற்பிக்கும் அயல்மொழியில் ஒரே வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

படி 3: இப்போது நீங்களே பாத்திரமாகுங்கள். பிரிட்டனின் நாடகக் கல்வியாளர் டோரதி ஹீத்கோட் வளர்த்தெடுத்த உத்தி இது. அதிகாரி வேடம் வேண்டாம். தொலைந்த பொருள் அலுவலகத்தில் இன்றுதான் சேர்ந்த, ஒன்றும் தெரியாத ஊழியராக வாருங்கள். வழக்கமான வகுப்பில் விடை தெரிந்துகொண்டே கேள்வி கேட்கிறோம். இங்கே பெட்டியின் நிறம், அளவு, உள்ளே இருந்தவை எதுவும் உங்களுக்குத் தெரியாது; விளக்கிச் சொல்லும் பொறுப்பு எதிரே இருப்பவர்களுக்கு வந்துவிடுகிறது. ஒரு துண்டைத் தோளில் போட்டால் ஊழியர், எடுத்துவிட்டால் பயிற்சியாளர் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 4: ஆசிரியர்கள் இருவர் இருவராக, வேறு இருவர் நடிப்பதற்கான காட்சியை ஆளுக்கொரு அட்டையாக எழுதட்டும். 'கடைக்காரர், வாடிக்கையாளர்' என்று மட்டும் எழுதினால் இரண்டே வரியில் பேச்சு தீர்ந்துவிடும். சிக்கல் வேண்டும். ஒருவர் அட்டையில், 'ரசீது தொலைந்துவிட்டது, பணம் திரும்ப வேண்டும்'. மற்றவர் அட்டையில், 'ரசீது இல்லாமல் பணம் தந்தால் வேலை போய்விடும்'. ஒருவர் அட்டையை மற்றவர் பார்க்கக் கூடாது.

படி 5: காட்சி நடக்கும்போது இலக்கணத்தைத் திருத்தாதீர்கள். ஆசிரியர்களுக்கு மிகவும் கடினமான பயிற்சி இதுதான், கை துறுதுறுக்கும். பிழைகளைக் குறித்துக்கொண்டு, பிறகு பெயர் சொல்லாமல் பலகையில் எழுதுங்கள், அவர்களே திருத்தட்டும். உடனே அதே காட்சியை மறுபடி நடத்துங்கள். இந்த இரண்டாம் சுற்றை நேரமில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

படி 6: ஒவ்வொருவரும் சக ஆசிரியர்களுக்குப் பத்து நிமிடம் பாடம் நடத்தட்டும். பேச விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தாமல், ரயில் நிலைய அறிவிப்பை எழுதித் தரும் வேலையைக் கொடுங்கள்.