டேகேர் மாசக்கணக்குல மூடிக் கிடந்தா ஃபீஸையும் சம்பளத்தையும் எப்படி சமாளிக்கது

2020 மார்ச்ல கொரோனாவுக்காக என் டேகேர மூடுனப்போ நான் பண்ண முதல் தப்பு பெருந்தன்மைதான். பேரண்ட்ஸ் யாரும் கேக்கதுக்கு முன்னாடியே "திறக்க வரைக்கும் ஃபீஸ் வேண்டாம்"னு க்ரூப்ல வாய்ஸ் நோட் போட்டுட்டேன், எல்லாரும் கும்பிடுத பொம்மையா அனுப்புனாவ, எனக்கும் பெருமையா இருந்துச்சு. ஏப்ரல், மே ரெண்டு மாசம் கைக்காச போட்டு சம்பளம் குடுத்தேன், ஜூன்ல குடுக்க ஒண்ணும் இல்ல. மேலப்பாளையத்துல இருந்து வந்துகிட்டிருந்த ஆயாக்கா பழையபடி பீடி சுத்தப் போயிட்டாவ. ப்ளே ஸ்கூல், நர்சரி எல்லாம் திறக்கலாம்னு கவர்மெண்டு சொன்னது 2022 பிப்ரவரி 16ல இருந்துதான், கிட்டத்தட்ட 23 மாசம், அப்புறம் போயி கூப்பிட்டா வாசல்ல முறத்த மடியில வச்சுக்கிட்டே "இனி அங்கன வந்து என்ன செய்ய மிஸ், இதுலயே கை ஓடிட்டு"னுட்டாவ. அழுத பிள்ளைய ரெண்டு தட்டுல தூங்க வைக்க ஆளு. அந்த மாதிரி இன்னொரு ஆளு இன்னும் கிடைக்கல.

அதனால 2023 டிசம்பர் 17, 18ல தாமிரபரணி வெள்ளம் எங்க திருநெல்வேலிக்குள்ள வந்து டேகேர் திரும்பவும் மூடுனப்போ முதல் வாரமே நோட்டும் பேனாவும் எடுத்து உக்காந்துட்டேன். நோட்டுனு சொல்லுதேன், ஃபீஸ் நோட்டு தண்ணிக்குள்ள கிடந்துச்சு, மாடியில காயப்போட்டா பக்கம் பக்கமா ஒட்டி அப்பளக்கட்டு மாதிரி ஆயிட்டு, இங்க்கு கரைஞ்சு யாரு கட்டுனா யாரு பாக்கினு ஒரு எழுத்து தெரியல. கூகுள் பே ஹிஸ்டரிய மூணு மாசம் பின்னாடி போயி பாத்து, ரொக்கமா குடுத்தவங்கள்ட்ட போன்ல கேட்டுத்தான் திரும்ப எழுதுனேன். முதல் வேலை இதுதான்: இன்னைக்கே ஃபீஸ் நோட்டையும் சம்பள நோட்டையும் போட்டோ எடுத்து உங்களுக்கு நீங்களே அனுப்பி வச்சுக்கோங்க, மாசம் ஒரு தடவ. ரெண்டு நிமிஷம்தான் ஆவும்.

அடுத்து கணக்கு. எல்லாரும் "ஃபீஸ்ல எவ்வளவு குறைக்கலாம்"னுதான் ஆரம்பிக்காவ, அங்கதான் வழுக்குது. சம்பளத்துல இருந்து ஆரம்பிக்கணும், ஃபீஸ் கடைசில வரும். புரியதுக்கு ஒரு சின்ன டேகேர எடுத்துக்கிடுவோம், 24 பிள்ளைங்க, தலைக்கு 3,000, மாசம் 72,000 வருது. ரெண்டு டீச்சருக்கு 11,000 வச்சு 22,000, ரெண்டு ஆயாவுக்கு 9,000 வச்சு 18,000, ஆக சம்பளம் மட்டும் 40,000. வாடகை 10,000. மதியச் சோறு, பால், சுண்டல், கேஸ் எல்லாம் 11,000. கரண்டு, தண்ணி கேன், பினாயில், நெட்டு 4,000. மிச்சம் 7,000 நடத்துற நமக்கு. இப்போ மூடுனா இதுல எது நிக்கும்? சாப்பாட்டுச் செலவு முழுசா நிக்கும், நாலாயிரம் ஆயிரமாகும், நம்ம ஏழாயிரத்த நாமளே விட்டுரணும் (வலிக்கும், ஆனா அத விடாம பேரண்ட்ஸ்ட்ட போயி நிக்க முகம் இருக்காது). சம்பளம், வாடகை, அந்த ஆயிரம், மொத்தம் 51,000. 24ஆல வகுத்தா 2,125, சுமாரா 2,100 வைக்கலாம். இதுதான் நீங்க கேக்க வேண்டிய ஃபீஸ், இந்த நம்பர் எங்க இருந்து வந்துச்சுன்னு யாரு கேட்டாலும் பேப்பர காட்டலாம்.

இந்த விதமா பாக்கது என் கண்டுபிடிப்பு இல்ல. 2021 மே மாசம் ராஜஸ்தான் ஸ்கூல் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு 15 சதவீதம் குறைக்கச் சொன்னதும் இதே காரணத்துக்குத்தான், மூடிக்கிடக்கும்போது ஸ்கூலுக்கு கரண்டு, டீசல், பராமரிப்புனு மிச்சமாகுதுல்லா, அந்த மிச்சம் பிள்ளைங்களுக்குப் போவணும்னு. நம்ம ஊர்ல 2020 ஜூலைல சென்னை ஹைகோர்ட்டு தனியார் ஸ்கூலுங்க முதல்ல 40 சதவீதம் மட்டும் வாங்கிக்கலாம்னு சொல்லுச்சு. ரெண்டும் ஸ்கூலுக்கு வந்த தீர்ப்பு, டேகேர்ல சோறு பால் செலவு கூட இருக்கதால நம்ம கழிவு 15க்கு மேலதான் வரும், மேல போட்ட கணக்குல 30 வந்துச்சு பாத்தீங்களா.

ஆனா 24 பேரும் கட்ட மாட்டாங்க, அதையும் முன்னாடியே எழுதிருங்க. எங்க பிள்ளைங்க வீட்டுல ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி நர்ஸ் இருக்காவ, பேங்க்ல வேலை பாக்கவங்க இருக்காவ, அவங்களுக்கு மாசச் சம்பளம் வந்துருது. ஜங்ஷன் பக்கம் கடை வச்சிருக்கவங்களுக்கு சரக்கு மொத்தமும் சேத்துல, கவர்மெண்டு குடுத்த 6,000 ரூபாய வச்சு அடுப்பும் பாயும் வாங்குவாங்களா, நமக்கு ஃபீஸ் கட்டுவாங்களா. எட்டு குடும்பம் கட்ட முடியலைன்னா 16 பேர் 2,100, அது 33,600. துண்டு விழுகது 17,400. இந்த துண்ட கட்டுற 16 பேரு தலைல ஏத்தாதீங்க, அவங்களும் போயிருவாங்க. வீட்டு ஓனர்ட்ட வாடகை தேதிக்கு முன்னாடியே நேர்ல போயி, இதே பேப்பரோட, ஒரு மாசம் பாதி வாடகை கேளுங்க, போன்ல கேட்டா பாப்போம்னு வச்சிருவாரு, நேர்ல போனா வீடு இருக்க நிலமை அவருக்கே தெரியும். அவரு 5,000 விட்டா துண்டு 12,400, அதுக்குத்தான் சேமிப்பு.

பேரண்ட்ஸ்ட்ட எப்படிச் சொல்லணும்ங்கதுதான் பாதி வேலை. வாய்ஸ் நோட் வேண்டாம், எழுதி அனுப்புங்க, பின்னாடி "அப்படி சொல்லலையே மிஸ்"னு வராது. நான் அனுப்புனது கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்துச்சு:

"வணக்கம். ஜனவரி மாசம் டேகேர் மூடியிருக்கும். சாப்பாடு, பால் செலவு இல்லாததால இந்த மாசம் 3,000க்குப் பதில் 2,100 மட்டும். இது டீச்சர், ஆயா சம்பளத்துக்கும் வாடகைக்கும் போகுது, கணக்கு கேட்டா காட்டுறேன். முழுசா கட்ட முடியாதவங்க பாதி கட்டலாம், அதுவும் முடியாதவங்க எனக்கு மட்டும் தனியா ஒரு மெசேஜ் போடுங்க, பிள்ளையோட இடம் அப்படியே இருக்கும். இது இந்த ஒரு மாசத்துக்கு மட்டும், அடுத்த மாசத்துக்கு 25ஆம் தேதி சொல்லுறேன்."

"எனக்கு மட்டும் தனியா"ங்கது முக்கியம். க்ரூப்ல யாரு கட்டுனா யாரு கட்டலனு லிஸ்ட் போடுத பழக்கம் சில இடத்துல இருக்கு, அது அசிங்கம், செய்யாதீங்க. அப்புறம் அந்த "ஒரு மாசத்துக்கு மட்டும்". மூடுத அன்னைக்கு இது ஆறு வாரமா 23 மாசமானு யாருக்கும் தெரியாது, அதனால முப்பது முப்பது நாளாத்தான் வாக்கு குடுக்கணும். வாங்குன காசுக்கு ரசீதுல "மூடிய மாசம், அடுத்த டெர்ம்ல கழிக்கப்படாது"னு எழுதிருங்க, இல்ல கழிப்பீங்கன்னா கழிப்போம்னு எழுதுங்க. ரெண்டுல ஒண்ணு.

இனி ஸ்டாஃப். 2020 மார்ச் கடைசில மத்திய அரசு எல்லாருக்கும் முழுச் சம்பளம் குடுக்கணும்னு ஆர்டர் போட்டு மே 18ல இருந்து அத வாபஸ் வாங்கிட்டு, ஜூன்ல சுப்ரீம் கோர்ட்டு முதலாளியும் தொழிலாளியும் பேசி முடிச்சுக்கிடுங்கனு சொல்லிட்டு. பேசுறதுனா குறைச்ச பிறகு பேசுறது இல்ல. நான் வச்சிருக்க முறை, முதல் மாசம் முழுசு, ரெண்டாவது மாசம் முக்கால், மூணாவதுல இருந்து பாதி, எது குறையுதோ அதுக்கு 15 நாளுக்கு முன்னாடி உக்கார வச்சு சொல்லிரணும், டீச்சருக்கும் ஆயாவுக்கும் ஒரே நாள்ல. பாதிக்கு வரும்போது "வேற வேலை கிடைச்சா போங்க, திறக்கும்போது முதல்ல உங்களத்தான் கூப்பிடுவேன்"னு சொல்லிருங்க. தேதி மட்டும் மாறக்கூடாது. தொகை குறைஞ்சா சமாளிச்சுக்கிடுவாங்க, 5ஆம் தேதி வரவேண்டியது 19ஆம் தேதி வந்தா அதுக்குள்ள கந்துவட்டிக்காரன் வீட்டுக்கு வந்துருவான்.

வெள்ளத்துல இன்னொண்ணு, ஆயா வீடும் சேந்துதான் மூழ்கியிருக்கும். எங்க ஆயா ஒருத்தங்க சிந்துபூந்துறை, "அரிசிச் சாக்கு முளை விட்டுட்டு மிஸ்"னு சொன்னாவ. அவங்களுக்கு சம்பளம் போக 3,000 அட்வான்ஸ், வட்டி கிடையாது, திறந்த பிறகு மாசம் 500 வச்சு ஆறு மாசம் பிடிச்சேன். சேறு அள்ள, பாய் கழுவ வரச்சொன்னா அது வேலை நாள்தான். பாதிச் சம்பளம் குடுத்துக்கிட்டு "சும்மாதான இருக்கீங்க, வந்து கழுவிவிடுங்க"னு கூப்பிடக்கூடாது, வந்த நாளுக்கு முழு நாள் கூலி போடுங்க.

10 பேருக்குக் குறைஞ்ச ஸ்டாஃப் இருக்க இடத்துக்கு ஈஎஸ்ஐ (வேலை பாக்கவங்களுக்கான காப்பீடு) பெரும்பாலும் வராது, பிஎஃப்புக்கு (சேமநிதி) 20 பேரு வேணும், அதனால நம்மள மாதிரி சின்ன இடத்துக்கு நாமளே உண்டியல். திறந்ததும் தலைக்கு மாசம் 100 ரூபாய தனியா எடுத்து வைங்க, 24 பிள்ளைக்கு 2,400, ஒண்ணே முக்கால் வருஷத்துல ஒரு மூடுன மாசத்துக்கான 51,000 கிட்டத்தட்ட சேந்துரும். வீட்டுச் செலவு அக்கவுண்ட்ல வைக்காதீங்க. நான் போஸ்ட் ஆபீஸ்ல தனி அக்கவுண்ட் போட்டு, பாஸ்புக்க அம்மா வீட்டு பீரோவுல வச்சிருக்கேன். எங்க அம்மா வீடு பாளையங்கோட்டைல மேட்டுல இருக்கு, தண்ணி ஏறாது.