டிராக்டர் வாங்கும் முன் பார்ட்ஸ் கவுண்டருக்குப் போய் வாருங்கள்

முதல் தடவை டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் எத்தனை எச்பி, என்ன விலை, முன்பணம் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். இதற்கெல்லாம் ஷோரூமில் பதில் தயாராக இருக்கும். வண்டி நின்றுபோனால் திரும்ப ஓட எத்தனை நாள் ஆகும் என்பதை மட்டும் நீங்களாகத்தான் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். வேலூர்ப் பக்கத்து மானாவாரிக் கடலைக்கு ஆடிப் பட்டத்தில் ஒரு நல்ல மழை விழுந்தால், விதைக்கிற ஈரம் சில நாள்தான் நிற்கும். அந்த நேரத்தில் ஒரு சாதாரண ஆயில் சீல் கிடைக்காமல் வண்டி கொட்டகையில் நின்றால், எச்பி எத்தனை இருந்து என்ன?

1. உங்கள் வேலை என்ன?

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு, ஒடுகத்தூர் ஊர்ப்பக்கம் சரளை கலந்த செம்மண்; கலப்பையும் டயரும் சீக்கிரம் தேயும். நெல்லுக்குச் சேடை (சேற்றுழவு) ஓட்டுபவர்களுக்கு ஆக்சில் சீலும் பிரேக்கும்தான் தலைவலி. அவர்கள் எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டியாகப் பார்ப்பது நல்லது, உலர் பிரேக்கில் சேறு ஏறினால் தேய்மானம் அதிகம். அம்முண்டி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றுபவருக்குக் கிளட்ச், பிரேக், முன் ஆக்சில் புஷ். ரொட்டவேட்டர் வாடகைக்கு ஓட்டுபவருக்குப் பிடிஓ (இன்ஜின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்கும் பின்பக்கத் தண்டு) கிளட்ச். எது முதலில் போகும் என்று தெரிந்தால்தான் அந்தப் பார்ட்ஸ் கிடைக்குமா என்று கேட்க முடியும்.

2. ஊரைச் சுற்றி விசாரியுங்கள்

பக்கத்து ஊர்கள் வரை எந்தெந்த பிராண்டு ஓடுகிறது என்று பாருங்கள். உரிமையாளரைவிட டிரைவரிடம் பேசுவது பலன் தரும். பணம் போட்டவர் தன் வண்டியைக் குறை சொல்ல மாட்டார். மணிமீட்டரில் 3000 மணி நேரம் தாண்டிய வண்டியாகப் பார்த்து, "கடைசியா எதுக்குண்ணா நின்னுச்சு? எத்தன நாள் நின்னுச்சு?" என்று கேளுங்கள். "வண்டி எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் "சூப்பர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

மெக்கானிக்கிடமும் போங்கள். ஆனால் "எங்கிட்ட இந்த வண்டிதான் அதிகமா வருது" என்று அவர் சொன்னதும் அந்த பிராண்டை ஒதுக்கிவிடாதீர்கள். ஊரில் அதிகம் ஓடுவது எதுவோ அதுதான் பட்டறைக்கும் அதிகம் வரும். எதற்காக வருகிறது என்பதுதான் விஷயம். கிளட்ச் தேய்ந்து வந்தால் இயல்பு. சில நூறு மணி நேரத்திலேயே கியர்பாக்ஸைப் பிரித்திருந்தால் யோசிக்க வேண்டியதுதான்.

3. பிராண்டும் மாடலும் வேறு வேறு

பல பெயர்களுக்குப் பின்னால் ஒரே நிறுவனம் இருக்கும். ஸ்வராஜ் 2007 முதல் மஹிந்திரா கையில்; ஐஷர் டிராக்டரை 2005-இல் வாங்கியது மாஸ்ஸி பெர்குசன் தயாரிக்கும் சென்னை டாஃபே; பார்ம்டிராக், பவர்டிராக் இரண்டும் எஸ்கார்ட்ஸ் குபோட்டா. இதை வைத்து ஒன்றின் பார்ட்ஸ் இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று நினைத்துவிட வேண்டாம். என் கருத்து இதுதான்: நல்ல பெயரெடுத்த பிராண்டின் புத்தம் புது மாடலைவிட, வருடக்கணக்காகப் பெரிய மாற்றமில்லாமல் வருகிற மாடல் மேல். அதன் பார்ட்ஸ் வெளிக்கடையிலும் இருக்கும், மெக்கானிக்குக்கும் கை பழகியிருக்கும். விற்கும்போதும் ஆள் கிடைக்கும்.

4. பார்ட்ஸ் கவுண்டர்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: கிளட்ச் பிளேட், டீசல் ஃபில்டர், பின் ஆக்சில் ஆயில் சீல், ஹைட்ராலிக் பம்ப், வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட், செல்ஃப் மோட்டார், முன் ஆக்சில் புஷ். நீங்கள் யோசிக்கும் மாடலின் பெயரைச் சொல்லி, டீலரின் பார்ட்ஸ் கவுண்டரில் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். விற்பனைப் பிரிவில் கேட்டால் எல்லாமே "கிடைக்கும் சார்" என்றுதான் வரும். உழவு சீசனில் போனால் இன்னும் நல்லது. நிஜமான இருப்பு அப்போதுதான் தெரியும்.

பதில் பெரும்பாலும் மூன்று விதமாக இருக்கும். "இருக்கு" என்றால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். "நாளைக்கு வரும்" என்றால் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள்; சென்னையிலிருந்து பார்சலில் வருவது ஒன்று, வடமாநிலக் கிடங்கிலிருந்து வருவது வேறு. "ஆர்டர் போடணும்" என்ற பதில் ஹைட்ராலிக் பம்புக்கு வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஃபில்டருக்கும் கிளட்ச் பிளேட்டுக்கும் வந்தால் அந்த டீலரை நம்பி வண்டி எடுக்காதீர்கள், பிராண்டு எவ்வளவு பெரியதானாலும்.

விலையையும் குறித்து வாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், டிராக்டர் டயருக்கும் பல பார்ட்ஸ்களுக்கும் 18-லிருந்து 5 ஆகவும் குறைந்தது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலை யாராவது காட்டினால் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்புறம், ஃபில்டரிலும் ஆயில் சீலிலும் கம்பெனிப் பொருளே வாங்குங்கள். பல்பு, சீட் கவர், மட்கார்டு மாதிரி சாமான்களுக்கு வெளிக்கடை போதும்.

5. 50 எச்பி என்ற கோடு

2023 ஜனவரி 1 முதல் 50 எச்பிக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்கு டிரெம் 4 புகைக் கட்டுப்பாடு வந்தது. இதற்காகப் பெரும்பாலான மாடல்களில் மின்னணு முறையில் டீசலைப் பீய்ச்சும் காமன் ரெயில் முறையும் சென்சாரும் சேர்ந்துவிட்டன. கோளாறு வந்தால் ஸ்கேனர் வைத்துத்தான் பார்க்க வேண்டும், ஊர்ப் பட்டறையில் ஸ்பேனரோடு முடியாது. பெரிய வண்டி தேவைப்பட்டால் எடுங்கள், தப்பில்லை. ஸ்கேனரோடு ஆள் எங்கிருந்து வருவார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நாலைந்து காணி உழுபவருக்கு 50-க்குக் கீழே பழைய முறைப் பம்ப் உள்ள வண்டியே தாராளம்.

6. சோதனை அறிக்கை

மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசு நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. உங்கள் மாடலின் அறிக்கையை டீலரிடம் கேளுங்கள். பிடிஓ எச்பி, டீசல் செலவு, சோதனையின்போது ஏற்பட்ட பழுதுகள் ஆகிய பகுதிகளைப் படித்தால் போதும். விளம்பரத்தில் வருவது இன்ஜின் எச்பி. ரொட்டவேட்டரைச் சுற்றுவது பிடிஓ எச்பி, அது எப்போதும் குறைவாகவே இருக்கும்.

7. வாரண்டியும் டெலிவரியும்

வாரண்டி இத்தனை வருடம் அல்லது இத்தனை மணி நேரம், எது முந்துகிறதோ அதுவரை. வாடகைக்கு ஓட்டினால் மணி நேரம்தான் முந்தும். கிளட்ச், பிரேக், ரப்பர் சாமான்கள் பெரும்பாலும் அதில் சேராது. முதல் சர்வீஸ் சுமார் 50 மணி நேரத்தில் வரும். ஆள் வயலுக்கே வருவாரா, வந்தால் வண்டிச் செலவு யாருடையது என்பதை எழுதி வாங்குங்கள். டெலிவரி அன்று இன்ஜின் எண், சேஸிஸ் எண், மணிமீட்டர் மூன்றையும் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த மாடலின் பார்ட்ஸ் புத்தகத்தையும் கேட்டு வாங்குங்கள், அச்சில் இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆகவாவது. நாளைக்கு ராணிப்பேட்டையிலோ குடியாத்தத்திலோ ஒரு கடையில் நின்று கேட்கும்போது பார்ட் நம்பரைச் சொன்னால்தான் சரியான சாமான் கைக்கு வரும்.